கொரில்லாக் காட்டில் ஒரு மணி நேரம்



தலைநகர் தில்லியின் தென்மேற்கு மூலையில், துவாரகா என்னும் பகுதியில் நான் வசித்து வருகிறேன். முன்பு பப்பன்கலான் என்று வழங்கிய ஊரும் அதனைச் சூழ்ந்த வயல்களுமாக இருந்த இடம் அது. இன்று எங்கு நோக்கினும் அடுக்குமாடிக் கட்டடங்கள். விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், இரவும் பகலும் எங்கள் மொட்டைமாடிக்கு மேலாக விமானங்கள் இறங்கிய வண்ணம் இருக்கும். வாடகை சற்றுக் குறைவு என்பதால், படிப்புக்கும் வாணிகத்துக்கும் வைத்தியத்துக்கும் தில்லி வரும் ஆப்பிரிக்க நாட்டார் பலர் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கின்றனர். எங்கள் வாரச் சந்தையில் வாழைக்காய் விற்கும் தள்ளுவண்டி ஒன்று உண்டு. வடநாட்டார் அதனை அதிகம் சீந்துவதில்லை. அவ்வண்டியைச் சூழ்ந்து நிற்பவர்கள் தமிழரும் மலையாளிகளும் ஆப்பிரிக்கருமே. ஆண்டுக்கணக்கில் அவர்களோடு தோளுரச நின்று காய் பொறுக்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை.

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் துவாரகாவில் நடந்ததை நேயர்களுள் சிலர் செய்தித்தாளில் படித்திருக்கலாம். ஆப்பிரிக்கர் சிலர் ஒரு குழந்தையைக் கடத்திச் சென்று தின்றுவிட்டனர் என்று ஒரு புரளி கிளம்பியது. கும்பல் திரண்டது. அந்நாட்டவர் இருந்த இடங்களை அது முற்றுகையிட, காவல்துறையினர் வந்து அவர்களை மீட்டுச் சென்றனர். விசாரித்ததில் குழந்தை எதுவும் காணாமற்போகவில்லை. அந்தப் புரளி என் கைபேசிக்கும் வந்தது. படித்தவுடனே பொய் என்று எனக்குத் தெரிந்தது. 'இது பொய்' என்று திரும்ப ஒரு வரி எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகியிராது. நான் எழுதவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலருகே நின்று, தொலைவில் எழுந்த கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயணக் கதை சொல்ல வந்தவன் இதனை ஏன் சொல்கிறேன் என்று தோன்றலாம். இதனைச் சொல்லாமல் அந்தப் பயணத்தைச் சொல்ல எனக்கு இயலவில்லை.

கொரில்லாவைக் காணவேண்டும் என்ற ஆசை எனக்கு மைசூரில் பிறந்தது. அங்குள்ள விலங்குக்காட்சிச் சாலையில் போலோ என்னும் ஆண் கொரில்லா இருந்தது. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரிலிருந்து 1995-இல் வந்தது. 2014-இல் இறந்த போது இந்தியாவில் இருந்த ஒரே கொரில்லா அதுதான். நான் பார்த்த அன்று அது எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு வைக்கோல் துரும்பை வெகுநேரம் விரல்களால் உருட்டிக்கொண்டிருந்தது. இவ்வினத்தைக் கூட்டமாக, அதன் சொந்தக் காட்டில் காணவேண்டும் என்று அன்று எண்ணினேன். பணி ஓய்வு பெற்ற பின்னர், 2025 ஆகஸ்டு மாதத்தில்தான் அது கைகூடியது.

உடன் வந்தவர் என் மைத்துனர். இருவரும் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். இந்த ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்புவோரை நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். உகாண்டா, ருவாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 100 டாலருக்கு ஒரே அனுமதி கிடைக்கிறது. கொரில்லாவைக் காணும் சீட்டுக்குத்தான் பணம் அதிகம். உகாண்டாவில் ஒருவருக்கு 800 டாலர், அதாவது ஏறத்தாழ 70,000 ரூபாய். ருவாண்டாவிலோ 1,500 டாலர். "ஒரு மணி நேரம் குரங்கு பார்க்க எழுபதாயிரமா?" என்று என் மனைவி கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை.

அடிஸ் அபாபா வழியாக எண்டெபி சேர்ந்தோம். விமானம் விக்டோரியா ஏரியின்மீது தாழ்ந்து இறங்குகிறது. ஏரி என்று சொல்கிறோமேயன்றி, தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் சற்று மிகுதியான நீர்ப்பரப்பு அது. அங்கிருந்து கம்பாலா. குன்றுகளின்மீது படர்ந்த நகரம். விளக்குக் கம்பங்களின் உச்சியில் வழுக்கைத் தலைப் பெருநாரைகள், யாரையோ எதிர்பார்த்து நிற்கும் கிழவர்களைப் போல நிற்கின்றன. தெருவெங்கும் வாடகை மோட்டார் சைக்கிள்கள். அவற்றிற்கு 'போடா போடா' என்று பெயர். தமிழ் அறிந்தவர் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டே தீரவேண்டும்! நடைபாதையில் சுடச்சுடச் சப்பாத்தியில் முட்டையடையைச் சுருட்டித் தருகிறார்கள். அதன் பெயர் 'ரோலெக்ஸ்'. சப்பாத்தி நம்மவர் கொண்டுபோனது. கடைக்கு அவர்கள் வழங்கும் 'டூக்கா' என்ற சொல்லும் நம் 'துக்கான்' தான்.

இந்தச் சொற்கள் அங்கே போன வழி துயரமானது. 1896-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு இருப்புப்பாதை போடத் தொடங்கியபோது, ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் 2,500 பேர் அளவில் மாண்டனர். பின்னர் வணிகரும் எழுத்தரும் ஆசிரியரும் சென்றனர். 1972 ஆகஸ்டில் இடி அமீன் 90 நாட்களில் வெளியேறுமாறு ஆணையிட, பல்லாயிரவர் ஒரு பெட்டியோடு புறப்பட்டனர். ஜிஞ்சா என்னும் ஊரில், ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் இடத்தில், காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-இல் கரைக்கப்பட்டது. அங்கே அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. பிரதமராயிருந்த ஐ. கே. குஜ்ரால் 1997-இல் அதனைத் திறந்துவைத்தார். நான் சென்ற வேளையில் பள்ளிச் சிறுவர் சிலர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

கம்பாலாச் சந்தையில் என்னைக் கண்டவர்கள் 'முயிண்டி' என்று அழைத்தனர். இந்தியன் என்று பொருளாம். என் பெயரை எவரும் கேட்கவில்லை. எனக்கு அது புதிதன்று. தில்லியில் முப்பது ஆண்டுகளாக நான் 'மதராஸி'. ஆப்பிரிக்கருக்கும் தில்லித் தெரு ஒரு பெயர் வைத்திருக்கிறது, 'ஹப்ஷி' என்பது. சொல்லும் குரலிலேயே அதன் பொருள் விளங்கிவிடும்.

மேற்கே ஒரு நாள் முழுவதும் காரில் சென்றால் நிலநடுக்கோட்டைக் கடந்து மலைநாட்டை அடையலாம். வழியில் புன்யோன்யி ஏரி. எரிமலைக் குழம்பு ஒரு பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி இது. இருபத்தொன்பது தீவுகள், சுற்றிலும் உச்சிவரை படிப்படியாக வெட்டிய விளைநிலங்கள். உதகைக்குப் போகும் வழியில் உள்ள கேத்திப் பள்ளத்தாக்கைக் கண்டவர்கள் அதில் நீரை நிரப்பிக் கற்பனை செய்துகொள்ளலாம். அத்தீவுகளில் மிகச் சிறிய ஒன்றில், மணமாகாமல் கருவுற்ற பெண்களை முற்காலத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். படகோட்டி அதனைக் காட்டிவிட்டு, துடுப்பை நிறுத்தாமல் கடந்துபோனார்.

அடுத்த நாள் இரவு பிவிண்டிக் காட்டின் தென்விளிம்பில் தங்கினோம். விடியற்காலையில் என் மைத்துனர் நான்கைந்து முறை தும்மினார். சளிபிடித்தவர்கள் கொரில்லாக்களின் அருகே செல்லக்கூடாது என்பது விதி. நமக்கும் அவற்றுக்கும் உடற்கூறு மிக நெருக்கமானது. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாக வந்துபோகும் நோய் அங்கே ஒரு குடும்பத்தையே மாய்த்துவிடக்கூடும். சாதாரணத் தும்மல்தான், மறைத்திருந்தால் எவரும் கண்டிருக்க மாட்டார்கள். "அத்தான், நீங்கள் போய்வாருங்கள். என் தும்மலால் ஒரு குட்டி சாகவேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எழுபதாயிரம் ரூபாய்ச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. அந்தப் பயணத்தில் நான் கண்ட உயர்ந்த காட்சிகளில் அதனையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு கூட்டத்தைக் காண எட்டுப் பேருக்கே அனுமதி. காலையில் காவலர்கள் விதிகளை எடுத்துரைக்கின்றனர். பத்து மீட்டர் விலகி நிற்கவேண்டும், மூச்சுக்கவசம் அணியவேண்டும், உரக்கப் பேசலாகாது, கைநீட்டிச் சுட்டலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒரு நிமிடமும் தங்கலாகாது. தடம் காண்போர் சிலர் அதற்கு முன்னரே இருட்டோடு புறப்பட்டு, முந்தின இரவு கொரில்லாக்கள் படுத்த இலைப்படுக்கைகளைத் தேடிச் சென்றிருந்தனர். அவை நாள்தோறும் மாலையில் புதுப் படுக்கை அமைத்துக்கொள்ளும் வழக்கமுடையவை. பழைய படுக்கை கிடைத்துவிட்டால் அங்கிருந்து தடம் பிடித்துவிடலாம். என் பையைச் சுமந்து வந்த இளைஞர் பக்கத்துக் கிராமத்தவர். தம்பிமார் பள்ளிக் கட்டணம் இதிலிருந்துதான் என்றார்.

காடு நம் சோலைக்காடுகளைவிட அடர்த்தி. வழி என்று ஒன்று இல்லை. அரிவாளால் கொடிகளை வெட்டிக்கொண்டே முன்னே ஒருவர் செல்ல, காலடியில் மண் தென்படாமல், மடிந்த செடிகளின்மீதே நடக்கிறோம். காஞ்சொறிச் செடி கால்சட்டையைத் தாண்டியும் சுடும். மூன்று மணி நேரம் ஏறி இறங்கிய பின் காவலர் கையுயர்த்தினார். பின்னர் அவர் தொண்டையைச் செருமுவதைப்போல இரண்டு முறை உறுமினார். 'வருவது நாங்கள்தான், தீங்கில்லை' என்று கொரில்லா மொழியில் அதற்குப் பொருளாம். உள்ளிருந்து அதே செருமல் பதிலாக வந்தது.

முதலில் கண்டது ஒரு கையை. இலைகளுக்கிடையிலிருந்து கருநிறக் கை ஒன்று நீண்டு, ஒரு கொடியைப் பற்றி, மெல்ல இழுத்து, மறைந்தது. நகங்களும் கணுக்களின் சுருக்கமும் என் தகப்பனாரின் கையை நினைவூட்டின. சற்று நேரத்தில் கண் பழகியது. தாய் ஒன்று தண்டின் தோலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன் மடியில் குட்டி. இன்னொரு குட்டி எங்களைக் கண்டதும் எழுந்து நின்று மார்பில் அறைந்துகொண்டு, நிலைதவறி மல்லாந்து விழுந்தது. சிரிப்பை அடக்க மூச்சுக்கவசம் உதவியது. அப்பால், குடும்பத் தலைவன் குப்புறப் படுத்திருந்தான். பன்னிரண்டு வயதை ஒட்டி ஆண் கொரில்லாவின் முதுகு நரைத்து வெள்ளிபோல் ஆகிவிடும். எடை 160 கிலோகிராமுக்கும் மேல் போகும். திரைப்படங்களில் கட்டடங்களைப் பிடுங்கி எறிவதாகக் காட்டப்படும் அப்பிராணியின் ஆகாரம் இலையும் தண்டும் பழமுந்தான்.

ஐம்பதாவது நிமிடம் போல அவன் எழுந்தான். பத்து மீட்டர் விதி அவனுக்குத் தெரியாது. எங்களை நோக்கி வந்தான். "உட்காருங்கள், கண்ணைத் தாழ்த்துங்கள்" என்று காவலர் மெல்லச் சொன்னார். தாழ்த்துமுன் ஒரு கணம் அவன் பார்வை என்மீது பட்டது. கோபமில்லை, ஆர்வமும் இல்லை; வாசலில் நிற்கும் அந்நியனை வீட்டுக்காரர் பார்க்கும் பார்வை. ஈரமான வியர்வை நெடி வீசியது. எங்களைக் கடந்து சரிவில் இறங்கிப் போய்விட்டான். காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். திரும்பினோம்.

இந்த அமைதி தானாக வந்ததன்று. 1902-இல் பெரிங்கே என்னும் ஜெர்மானியப் படைத்தலைவர் சபினியோ மலையில் இவ்வினத்தில் இரண்டைச் சுட்டு வீழ்த்தினார். அறிவியலார் அவ்விலங்கிற்குச் சூட்டிய பெயரில் சுட்டவர் பெயரே இன்றளவும் நிற்கிறது. 1959-இல் ஜார்ஜ் ஷாலர் என்பவர் அருகிலிருந்து பொறுமையாக நோக்கி எழுதலானார். 1967 முதல் டயான் ஃபாஸி அம்மையார் ருவாண்டா மலையில் கூடாரமிட்டு ஆராய்ந்தார். 1985 டிசம்பரில் அங்கேயே கொலையுண்டார். மனிதரைக் கண்டு ஓடாதவாறு ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பழக்குவதற்கு இரண்டு ஆண்டுகளேனும் ஆகின்றன. நாள்தோறும் அதே மனிதர்கள், அதே நேரம் சென்று, எதுவும் கேட்காமல், எதுவும் கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். காவலர்கள் ஒவ்வொன்றையும் மூக்கின் சுருக்கக் கோடுகளால் அடையாளம் கண்டு பெயரிட்டு அழைக்கின்றனர். 1980-களின் தொடக்கத்தில் விருங்கா எரிமலைத் தொடரில் 250 அளவுக்குக் குறைந்திருந்த மலைக் கொரில்லாக்கள், அங்கே 600-க்கு மேல் பெருகிவிட்டன. பிவிண்டியில் 2018-இல் எண்ணியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 1,063. உலகத்தில் எந்த விலங்குக்காட்சிச் சாலையிலும் இவ்வினம் இல்லை.

திரும்பும் வழியில் காவலர் எதிர்முகட்டைக் காட்டினார். அந்தப் பக்கத்து நிகுரிங்கோக் கூட்டத்தின் தலைவனாகிய ரஃபிகி, 2020 ஜூனில் ஒரு வேட்டைக்காரனின் ஈட்டியால் இறந்துபோயிற்று. ரஃபிகி என்றால் சுவாஹிலி மொழியில் நண்பன். கொன்றவன் அண்டைக் கிராமத்தான். காட்டுப்பன்றி தேடிப் போனதாகவும், கொரில்லா பாய்ந்தபோது தற்காப்புக்காகக் குத்தியதாகவும் சொன்னான். 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பெருந்தொற்றினால் பயணிகள் வருகை முழுதும் நின்றுபோன மாதங்கள் அவை என்பதையும் நினைக்கவேண்டும். சுமைகூலி இல்லாத ஊரில் அடுப்பு எரிவது எப்படி?

காட்டின் பழைய குடிகளாகிய பட்வா மக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1991-இல் தேசியப் பூங்கா அமைத்தபோது அவர்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மாற்று நிலமும் தரவில்லை. 2021-இல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு நியாயமான பரிகாரம் வேண்டும் என்று தீர்ப்புரைத்தது. பயணிகளுக்காக அவர்களுள் சிலர் மாலையில் ஆடிக்காட்டுகின்றனர். மூங்கில் குச்சியைத் தேய்த்து நெருப்பு உண்டாக்கிக் காட்டுகின்றனர். தேன் எடுத்த மரம் எது என்று ஒரு முதியவர் வேலிக்கு இப்பாலிருந்தே கைநீட்டிக் காட்டினார். நம் ஆனைமலையிலும் முதுமலையிலும் இதுபோன்ற கதைகளைக் கேட்டிருக்கிறேன். எழுபதாயிரம் ரூபாய் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை அந்த வேலியருகில்தான் சிறிது அறிந்தேன்.

எல்லை கடந்து ருவாண்டாவுக்குள் நுழைந்ததும் வண்டி இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாறுகிறது. கிவு ஏரிக்கரையில் ஒரு நாள் இருந்தோம். மிக அழகிய நீர். அடியாழத்தில் கரியமில வாயுவும் மீத்தேன் வாயுவும் பெருமளவில் கரைந்து கிடக்கின்றன. அந்த மீத்தேனை உறிஞ்சி எடுத்து மின்சாரமும் செய்கிறார்கள். அக்கரையிலேயே ஒட்டினாற்போல் காங்கோ நாட்டுக் கோமா நகரம். 2002-லும் 2021-லும் நியிராகோங்கோ எரிமலையின் குழம்பைக் கண்ட நகரம். 2025 சனவரியில் கிளர்ச்சிப் படையினர் கைப்பற்றிய நகரம். ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் நம் வீரர்கள் பல்லாண்டுகள் பணிபுரிந்ததும் அங்கேதான். அதற்கப்பால் உள்ள விருங்காப் பூங்காவில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட காவலர்கள் உயிரிழந்திருக்கின்றனர். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 பேர். நாங்கள் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

கிகாலி நகரைப் பற்றி அதன் தூய்மையைப் புகழாதவர் இல்லை. 2008-லேயே பிளாஸ்டிக் பைகளை ஒழித்துவிட்டனர். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை எல்லோரும் தெருவில் இறங்கி வேலை செய்கின்றனர். மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஓட்டுநர் நமக்கும் ஒரு தலைக்கவசத்தை நீட்டுகிறார். தில்லிக்காரனுக்கு இவையெல்லாம் வியப்பே. ஆனால் நான் அங்கே அதிக நேரம் நின்றது கிசோசிக் குன்றின்மீதுள்ள நினைவகத்தில். 1994 ஏப்ரல் தொடங்கி நூறு நாட்களில் கொல்லப்பட்ட டுட்சி மக்களில் 2,50,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அகன்ற சிமெண்டுப் பலகைகள். பக்கத்தில் பெயர்கள் எழுதிய சுவர். பெயர் தெரியாதவர்களே மிகுதி என்பதால் சுவரில் வெற்றிடமும் மிகுதி.

உள்ளே வானொலியைப் பற்றிய விளக்கம் இருந்தது. 1993-இல் தொடங்கிய தனியார் வானொலி ஒன்று நல்ல பாட்டுகளை ஒலிபரப்பிற்று, வேடிக்கையாகப் பேசிற்று. அந்த வேடிக்கையினூடே டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள்தோறும் சொல்லிற்று. பின்னர் கொலை நடந்த நாட்களில் இன்ன இடத்தில் இன்னார் ஒளிந்திருக்கிறார் என்றும் அறிவித்தது. அதனை நடத்தியவர்களுள் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் பன்னாட்டு நீதிமன்றம் 2003 டிசம்பரில் குற்றவாளிகள் என்று தீர்த்தது. கேட்டவர்கள் எத்தனை இலட்சம் பேரோ! பொய் என்று தெரிந்து, விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலருகே நின்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து இன்று உங்களோடு பேசுகையிலும் அந்த அறையின் நினைவு வருகிறது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். நினைவகத்தில் பணிபுரியும் பெண்மணி ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தார். தில்லி என்றேன். தம் உறவினர் மகன் தில்லிக்குப் படிக்க வர எண்ணியிருப்பதாகச் சொல்லி, "அங்கே எங்கள் பிள்ளைகள் இருக்கலாமா?" என்று கேட்டார். 2016 மே மாதத்தில் தென் தில்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர், வாடகை வண்டி பற்றிய தகராறில் தெருவில் அடித்துக் கொல்லப்பட்ட செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு 2018-இல் நடந்ததை, நான் சன்னலருகே நின்றது உட்பட, சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் என் மைத்துனரின் சளி எப்படியிருக்கிறது என்று கேட்டார்.

துவாரகாவுக்குத் திரும்பிய வாரத்தில் சந்தைக்குப் போனேன். வாழைக்காய் வண்டியருகே ஓர் ஆப்பிரிக்கப் பெண்மணி நின்றிருந்தார். உகாண்டாவா என்று கேட்டேன். வியப்போடு நிமிர்ந்தார், ஆம் என்றார். கம்பாலாவில் நான் உண்ட 'மாட்டோக்கே' அத்தனை மிருதுவாக வருவது எப்படி என்று கேட்டேன். தோல் சீவி, வாழையிலையில் பொதிந்து, ஆவியில் வெகுநேரம் வேகவைத்து, இலையோடு சேர்த்தே கையால் அழுத்திப் பிசையவேண்டுமாம். துவாரகாவில் வாழையிலை எங்கே கிடைக்கும் என்பதுதான் அவருடைய கவலை. பொங்கல் சமயத்தில் தமிழர் கடைகளுக்கு வரும் என்றேன். நாம் இதனை என்ன செய்வோம் என்று அவர் கேட்டார். நான் பொடிமாஸ் செய்யும் முறையைத் தொடங்கினேன். கடுகு தாளிக்கும் இடத்துக்கு வருவதற்குள் வண்டிக்காரர் பொறுமையிழந்து, இருவரும் காய் வாங்கப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டார்.